கல்லையும் கைவினையையும் கற்ற கலாயோகி

விஞ்ஞானியாகத் தொடங்கிக் கட்டடக்கலையின் உட்பொருளை உலகுக்கு உரைத்த அறிஞர் ஒருவர் நமது நாட்டில் பிறந்தார். அவரே கலாயோகி என நாம் போற்றும் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் பிறந்த இவரின் தந்தை, சட்டவாக்க சபை உறுப்பினராக விளங்கிய சேர் முத்து குமாரசுவாமி. தாயார் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த இவர் இங்கிலாந்தில் வளர்ந்து, 1900 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். தோரியனைற்று என்னும் கனியத்தின் கண்டுபிடிப்பிலும் இவருக்குப் பங்குண்டு. 1906 இல் லண்டன் பல்கலைக்கழகம் இவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

பாறைகளைத் தேடிய பயணங்களே இவரைக் கைவினைஞரின் பட்டறைகளுக்கு இட்டுச் சென்றன. இறக்குமதிப் பொருட்களின் முன் கண்டிப் பிரதேசத்துத் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் நலிவுறுவதைக் கண்டு வருந்திய அவர், அவர்களின் கருவிகளையும் செய்முறைகளையும் அளந்து, வரைந்து, 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கனியங்களை ஆராய்ந்த அதே நுணுக்கம் அந்நூலிலும் புலப்படுகின்றது.

1917 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இணைந்த இவர், இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். 1206 இல் அல்ஜஸரி நிறைவு செய்த பொறியியல் நூலின் ஓவிய ஏடுகளை ஆராய்ந்து 1924 இல் வெளியிட்டார். நீர்க் கடிகாரமும் தானியங்கிப் பொறிகளும் விளக்கப்பட்ட அந்த ஏடுகள், முஸ்லிம்களின் தொழில்நுட்ப மேன்மைக்குச் சான்றாகும். பாரசீக, முகலாயக் கலையில் கிழுறு (அலை) அவர்களின் சித்திரிப்புப் பற்றி 1934 இல் எழுதியதும் இவரே.

மரத்தால் எழுந்து அழிந்துபோன பண்டைய இந்திய நகரங்களையும் வாயில்களையும் மாளிகைகளையும், சாஞ்சி, அமராவதிச் சிற்பங்களின் துணைகொண்டு 1930, 1931 ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் மீட்டுத் தந்தார். 1938 இல் குவிமாடம் பற்றி ஆராய்ந்தபோது, கூரை வெயில் மழைக்கான மறைப்பு மட்டுமன்று, மனிதனின் பார்வையை வானை நோக்கி உயர்த்தும் கருத்துமாகும் என நிறுவினார். பயனையும் பொருளையும் பிரிக்கலாகாது என்பதே அவரது கோட்பாட்டின் சாரம். பழைய சமூகத்தை அவர் அளவுக்கு மீறிப் போற்றினார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அவரது உழைப்பின் மதிப்பு அதனால் குன்றிவிடாது.

1947 செப்டம்பர் 9 இல், இந்தியா சுதந்திரமடைந்து ஒரு மாதம் நிறையுமுன், அவர் மறைந்தார்.

அவரது பெருநூல் கண்டியைப் பேசியது. நமது கிழக்குக் கரை அதன் எல்லைக்குள் வரவில்லை. மருதமுனையின் கைத்தறியும், நம் தாய்மாரின் பன்பாயும், வரிப்பத்தான்சேனை போன்ற வயற்புறக் கிராமங்களில் வெப்பம் தணித்த மண்சுவர் வீடுகளும் அளந்து எழுதப்பட வேண்டியவை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை, ஓர் ஊரின் முகம் ஒரே காலையில் மறையக்கூடும் என்பதை நமக்குக் காட்டிச் சென்றது. பழைய கட்டடமொன்றை இடிப்பதற்கு முன் அதன் படத்தையேனும் வரைந்து வைப்போம். முதிய மேசன்மாரும் நெசவாளரும் நம்மிடையே உள்ளபோதே இளைஞர்கள் அவர்களை நாடிச் செல்லட்டும். அதுவே அந்த அறிஞருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடன்.