மைத்தடங்களில் மனம் தேடிய மருத்துவர்

உயரத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அறியத் துலாக்கோல் உண்டு. ஒருவர் தம்மையும் பிறரையும் எவ்வாறு காண்கிறார் என்பதை அளப்பது எங்ஙனம்? அவரையே வினவினால், தாம் எவ்வாறு தோன்ற விரும்புகிறாரோ அதனையே விடையாகத் தருதல் இயல்பு. இவ்விடர்ப்பாட்டிற்கு இடந்தராத வேறொரு வழியில் மனத்தை அணுகியவர் ஹெர்மன் ரோர்ஷாக் ஆவார்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1884 நவம்பர் 8ஆம் நாள் ஓவிய ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாளில் மையைச் சிந்தி, மடித்து, விரித்து உருவங்காணும் விளையாட்டு அந்நாளில் சிறுவரிடையே பரவியிருந்தது. பள்ளித் தோழர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயரும் மைக்கறையையே குறித்தது! பன்னிரண்டு வயதில் அன்னையையும் பதினெட்டில் தந்தையையும் இழந்தவர், மருத்துவம் பயின்று, பிளாய்லரின் மேற்பார்வையில் 1912இல் முனைவர் பட்டம் பெற்றார். 1915இல் ஹெரிசாவ் மனநல மருத்துவமனையில் பணியேற்றார்.

அங்கே 405 பேரிடம் மைத்தடங்களைக் காட்டி, அவை என்னவாக இருக்கலாம் என வினவினார். அவர்களுள் 288 பேர் நோயாளிகள், எஞ்சியோர் நலமுடையோர். அவர்கள் எதனைக் கண்டனர் என்பதினும் எவ்வாறு கண்டனர் என்பதே அவருக்கு முதன்மை. தடம் முழுவதையும் நோக்கினரா, ஒரு மூலையையா? வடிவம் ஈர்த்ததா, வண்ணமா? இயங்கும் மனித உருவங்கள் புலப்பட்டனவா? இவற்றையே எண்ணிக் கணக்கிட்டார். இது கற்பனையைச் சோதிப்பதன்று, காட்சியை ஆராயும் சோதனை என்பதே அவர் கருத்து. இதனை மறந்தோர் பிற்காலத்தில் பலர்.

1921இல் நூல் வெளிவந்தது. அச்சில் படங்கள் சுருங்கின. ஒரே சீராயிருந்த கருமையில் நிழற்சாயல்கள் படிந்தன. பிறர் சினந்திருப்பர்; அவரோ அப்பிழையிலும் ஆராயத்தக்க புதுக்கூறு ஒன்றைக் கண்டார். ஆயினும், 1922 ஏப்ரல் 2ஆம் நாள் குடல்வால் அழற்சி முற்றி, முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். தொடக்கநிலை ஆய்வென்று அவரே கருதியது முற்றுப்பெறாமலே நின்றது.

பின்னர் அமெரிக்காவில் ஐந்து மரபுகள் கிளைத்தன. ஒரே விடைக்கு மரபுதோறும் வெவ்வேறு மதிப்பீடு! காண்பவர் மனத்தை அளக்கப் புகுந்த கருவியில், அளப்பவர் மனமும் கலந்துவிட்டது. எக்ஸ்னர் என்பார் 1974இல் அவற்றைத் தொகுத்து ஒருமுறைப்படுத்தினார். அவர் வகுத்த அளவீடுகளோ நலமுடையோரையும் நோயாளராகக் காட்டுகின்றன என்ற குறைபாடு எழுந்தது. 2013இல் வெளிவந்த விரிவான மீளாய்வு ஒன்று, சில கூறுகளுக்கு வலுவான சான்றுண்டு எனவும், வேறு சிலவற்றிற்கு இல்லை எனவும் கண்டது.

அச்சகத்தில் விழுந்த அந்நிழற்சாயல்களுடனேயே பத்துப் படங்களும் இன்றும் அச்சாகின்றன.