காயத்தை மறைத்த போர்வீராங்கனை டெபோரா சாம்சன்

பிரித்தானிய முடிக்கு எதிராக அமெரிக்கக் குடியேற்றங்கள் நடத்திய விடுதலைப் போரில், ஆண் வேடம் பூண்டு ஏறக்குறைய 17 மாதங்கள் படைவீரராகச் சேவையாற்றியவர் டெபோரா சாம்சன் அம்மையார். அவரது துணிவைப் போற்றி எழுதியோர் பலர். ஆயினும் பகைவரின் துப்பாக்கியைக் காட்டிலும் தம் பக்கத்து வைத்தியருக்கே அவர் அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது என்பது பலர் கவனத்திற்கு வருவதில்லை.

1760 டிசெம்பர் 17 ஆம் திகதி மசாசுசெற்ஸில் பிளிம்ப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டதனால் பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் விடப்பட்டனர். பத்து வயதளவில் ஒரு கமக்காரர் வீட்டுக்கு ஒப்பந்த வேலைக்காரியாகச் சென்ற டெபோரா, 18 வயதில் விடுதலை பெற்று, நெசவும் பள்ளி ஆசிரியப் பணியும் செய்து சீவித்தார்.

1782 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆணுடையில் படையிற் சேர முயன்றபோது அடையாளம் காணப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் வேறோர் ஊருக்குச் சென்று, ரொபேட் ஷேர்ட்லிவ் என்னும் பெயரில் மசாசுசெற்ஸ் நான்காம் படைப்பிரிவிற் சேர்ந்துகொண்டார். மீசை அரும்பாத இளைஞர்கள் அப்படையிற் பலர் இருந்தமையால் எவரும் ஐயுறவில்லை. ஊரிலிருந்த திருச்சபையோ, ஆணுடை தரித்த குற்றத்திற்காக அவரைத் தன் உறுப்புரிமையிலிருந்து நீக்கியது.

நியூயோர்க் பகுதியில் டாரிடவுண் அருகே நிகழ்ந்த மோதலில் காயமடைந்ததாகப் பிற்காலத்தில் அவரே சத்தியம் செய்து கூறியுள்ளார். நெற்றியில் வாள்வெட்டு, தொடையில் துப்பாக்கிக் குண்டு. நெற்றிக் காயத்துக்கு மட்டும் மருந்திடச் சம்மதித்து, தொடைக் காயத்தை வைத்தியரிடம் சொல்லாது மறைத்து, பேனாக்கத்தியும் ஊசியும் கொண்டு தாமே குண்டை அகழ்ந்தெடுத்தார் என்றும், ஆழத்திற் பதிந்த இன்னொன்றை எடுக்க முடியாமற் போயிற்று என்றும் மரபுவழிக் கதை கூறும். 1797 இல் அவரது வரலாற்றை வெளியிட்ட ஹேர்மன் மான் மிகைப்படுத்தி எழுதும் இயல்பினர். நுணுக்கங்களை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் தொடைக் காயத்தைக் காட்டியிருந்தால் வேடம் கலைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1783 கோடையில் பிலடெல்பியாவில் கொடிய காய்ச்சல் கண்டு நினைவிழந்து வைத்தியசாலையிற் கிடந்தார். அங்கே பார்னபஸ் பினி என்னும் வைத்தியர், மார்பை இறுகக் கட்டியிருந்த துணியைக் கண்டு உண்மையை அறிந்தார். அவர் கூச்சலிடவில்லை, காட்டிக்கொடுத்து அவமானப்படுத்தவுமில்லை. தம் இல்லத்துக்கே அழைத்துச் சென்று பராமரித்து, பின்னர் தளபதி பற்றர்சனுக்குத் தெரியப்படுத்தினார். தண்டனை ஏதுமின்றி, அவ்வாண்டு ஒக்ரோபரில் கௌரவமாக விடுவிக்கப்பட்டார் டெபோரா.

1785 இல் பெஞ்சமின் கானெற் என்பவரை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். வறுமையும் பழைய காயத்தின் உபாதையும் நீங்கவில்லை. பெண் என்பதனால் மறுக்கப்பட்டிருந்த சம்பளப் பாக்கிக்காக 1792 இல் மசாசுசெற்ஸ் சட்டமன்றம் 34 பவுண் வழங்கியது. காயமுற்ற வீரருக்குரிய ஓய்வூதியமோ எளிதிற் கிட்டவில்லை. மறைத்த காயத்தை எந்த வைத்தியர் பதிந்து வைத்திருப்பார்? உடம்பிலுள்ள தழும்பை அதிகாரிகள் நம்பும்படி செய்வது எவ்வளவு கடினம் என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1804 இல் போல் ரிவியர், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு அவருக்காகப் பரிந்து கடிதம் எழுதினார். 1805 இல் மாதம் 4 டொலர் அனுமதிக்கப்பட்டது. அதுவும் போதாமல், மறு ஆண்டே நோயின் நிமித்தம் ரிவியரிடம் 10 டொலர் கடன் கேட்க நேர்ந்தது.

1827 ஏப்ரல் 29 ஆம் திகதி டெபோரா காலமானார். மனைவியின் நீண்டகால மருத்துவச் செலவை எடுத்துக்காட்டி, போர்வீரரை இழந்த வாழ்க்கைத்துணை என்ற முறையிற் கணவர் உதவி கோரினார். கணவரும் இறந்த பின்னரே, 1838 இல், வாரிசுகளுக்கு 466 டொலர் 66 சதம் வழங்கக் காங்கிரஸ் சட்டமியற்றியது.

2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டப் பகுதி டெபோராவின் பெயரைத் தாங்கியுள்ளது. முன்னாள் படையினருக்கான அமெரிக்க மருத்துவ நிருவாகத்தில் பெண்களின் சுகாதாரத்துக்கென ஒரு தனி அலுவலகம் அமைக்கவும், அதன் ஒவ்வொரு வைத்திய நிலையத்திலும் பெண்களுக்கான ஆரம்ப சிகிச்சை அளிக்கவல்ல ஒருவரேனும் இருக்கவும் அது வழிசெய்கிறது.