வால்தர் பிளெமிங்

வால்தர் பிளெமிங் (ஏப்ரல் 21, 1843 - ஆகஸ்ட் 4, 1905) செருமனியைச் சேர்ந்த உயிரியலாளர் ஆவார். உயிரணுவின் உட்கருவில் உள்ள குரோமாட்டினுக்குப் பெயர் சூட்டியவர் இவரே.

வாழ்க்கை

சுவெரின் நகரை அடுத்த சாக்சன்பெர்க்கில் மனநல மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1868 ஆம் ஆண்டில் ரோசுடாக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிரான்சு-பிரசியப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1876 முதல் கீல் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தார்.

ஆய்வுகள்

உயிரணுவின் பெரும்பகுதி நிறமற்றது என்பதால், அதன் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் காண்பது கடினம். எனவே பிளெமிங் அனிலின் சாயங்களைப் பயன்படுத்தினார். உட்கருவினுள் சாயத்தை மிகுதியாக ஏற்ற பொருளுக்கு, நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமாட்டின் எனப் பெயரிட்டார். சாலமாண்டர் குடம்பிகளின் உயிரணுக்கள் பிரியும்போது இப்பொருள் இழைகளாகத் திரள்வதையும், அவ்விழைகள் நீளவாக்கில் பிளவுபடுவதையும் கண்டார். இழையுருப்பிரிவு எனப்படும் இந்நிகழ்வை 1882 இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

மரபியலுடன் தொடர்பு

1866 இல் வெளியான மெண்டலின் மரபு விதிகள் 1900 வரை பரவலாக அறியப்படவில்லை. இதனால் தாம் கண்ட இழைகளை அவ்விதிகளுடன் பிளெமிங் இணைக்கவில்லை. 1902-1903 காலப்பகுதியில் போவெரியும் சட்டனும் அத்தொடர்பை எடுத்துரைத்தனர். குரோமாட்டின், டி.என்.ஏ.யும் புரதங்களும் சேர்ந்த தொகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று. வயதாகும்போது அதன் அமைப்பில் ஏற்படும் மாற்றங்கள் மூப்பு குறித்த ஆய்வுகளில் இன்று முக்கிய இடம்பெறுகின்றன.