கருப்பனும் கமலாவும் கண்ட முனிவர்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற பழமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கற்சிலையைப் பற்றிய தத்துவம் அது என்று சொல்லும் புலவர்கள் உண்டு. ஆனால் நம் தெருவில் உள்ள சிறுவர்களுக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான். நாய் எதிரில் வந்தால் கை தானாகவே கல்லைத் தேடுகிறது.

அப்படிக் கல்லைத் தேடாத ஒருவர் நம் திருவண்ணாமலையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். அவருடைய ஞானத்தைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் நாய்களோடு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுவதே நமக்கு விருப்பம்.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள திருச்சுழியில், வழக்கறிஞர் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். 1892-இல் தந்தை இறந்தபின், மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்தார். அங்கே அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். படிப்பில் சுமார்தான். கால்பந்து, குஸ்தி என்றால் உயிர். தூக்கமோ கும்பகர்ணன் தூக்கம்! விழித்திருக்கும்போது அவரை எதிர்க்கத் துணியாத பையன்கள், அவர் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, மறுபடி படுக்கையில் கிடத்திவிடுவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

1896 ஜூலையில் மரண பயம் ஒன்று அவரைத் திடீரென்று ஆட்கொண்டது. அதன்பின் பள்ளிப் பாடத்தில் மனம் செல்லவில்லை. ஆகஸ்டு 29 அன்று ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி கிடைத்த தண்டனையை எழுதிக்கொண்டிருந்தவர், பாதியில் புத்தகத்தை மூடினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணமான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். ரயிலிலும் கால்நடையாகவும், வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்தும், செப்டம்பர் 1-ஆம் நாள் நம் ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. பிறகு இந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் கண் மூடி அமர்ந்திருந்த அந்த இளைஞரைத் தெருப் பையன்கள் சும்மா விடவில்லை. கல்லெறிந்தார்கள். அதற்குத் தப்பி அவர் பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் புகுந்தார். அங்கே பூச்சிகள் தொடையை அரித்தன. ஒரு தெருநாய் படும் பாட்டை நம் ஊர்க் கோயிலுக்குள்ளேயே அவர் பட்டிருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அவர் நாய்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கு இது காரணமா என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் படிக்கும்போது இரண்டையும் சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். பழனிசாமி என்ற மலையாள அன்பர் கூடவே இருந்து பணி செய்தார். 1907-இல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரி அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார். சின்னக் கருப்பன் வந்ததும் இந்தக் குகை வாழ்க்கையின்போதுதான்.

உடல் முழுதும் கறுப்பு. அதனால் அந்தப் பெயர். முதலில் தூரத்தில் ஏதோ கறுப்பாகக் கடந்து போகும். சில வேளை புதருக்கு மேலே ஒரு தலை மட்டும் எட்டிப் பார்க்கும். யாரிடமும் ஒட்டாது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சூ என்று விரட்டியிருப்போம், அல்லது பிடித்துக் கட்டிப் போட முயன்றிருப்போம். மகரிஷியும் உடன் இருந்தவர்களும் இரண்டையும் செய்யவில்லை. தனித்திருக்க விரும்பும் ஒரு துறவியின் விருப்பத்தை மதிப்பதுபோல மதித்தார்கள். அது நடமாடும் இடத்துக்கு அருகில் உணவை வைத்துவிட்டு, நின்று பார்க்காமல் திரும்பிவிடுவார்கள். நாட்கள் சென்றன. ஒரு நாள் அவர்கள் மலை ஏறிக்கொண்டிருந்தபோது, புதரிலிருந்து பாய்ந்து வந்த சின்னக் கருப்பன், கூட்டத்தில் மகரிஷியை மட்டும் கண்டுபிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு அவர்மேல் தாவி விளையாடினான். அன்று முதல் அவன் ஆசிரமவாசி.

அது என்று எழுதிக்கொண்டிருந்த நாம் அவன் என்று மாறிவிட்டோம். மகரிஷியின் வழக்கம் அதுதான். விலங்குகளை அவர் அது என்று சொல்லவே மாட்டார். அவன், அவள் என்றுதான் சொல்வார். பசங்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று அவர் விசாரித்தால், அது நாய்களைப் பற்றிய விசாரணை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒதுங்கி ஒதுங்கிப் போன சின்னக் கருப்பன் இப்போது எல்லோருக்கும் நண்பனானான். வருகிறவர் மடியில் எல்லாம் ஏறிப் படுப்பான். சிலர் தள்ளினாலும் மனம் தளரமாட்டான். போ என்று சொன்னால் மட்டும் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த துறவிபோல உடனே போய்விடுவான். ஆனால் கடுமை அவனுக்கு ஆகாது. ஒரு முறை பழனிசாமி அவனிடம் கடுமையாகப் பேசிவிட்டார். குளிரும் மழையுமான இரவு. அப்படியும் அவன் வெளியேறி, சற்றுத் தொலைவில் கிடந்த கரி மூட்டையின்மேல் இரவெல்லாம் கிடந்தான். மறுநாள் காலையில்தான் அழைத்து வந்தார்கள்.

பின்பு ஒரு நாள், குகைக்கு அருகில் வில்வ மரத்தடியில் ஆசாரமான பெரியவர் ஒருவர் ஜபம் செய்துகொண்டிருந்தார். நாய் அருகில் வந்தாலே தீட்டு என்று எண்ணுகிறவர். சின்னக் கருப்பனுக்கு அந்த வேற்றுமை எல்லாம் எங்கே தெரியும்? அவர் பக்கமாகவே போனான். பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று ஆசிரமவாசி ஒருவர் கோலால் அவனை ஒரு தட்டுத் தட்டினார். பலமான அடி கூட இல்லை. அலறிக்கொண்டு ஓடிய சின்னக் கருப்பன் பிறகு திரும்பவே இல்லை. யார் கண்ணிலும் படவும் இல்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இன்னும் துயரமான ஒன்று நடந்திருந்தது. குகையில் இருந்த ஒரு சிறு நாயைப் பழனிசாமி திட்டினார். அது நேரே கீழே சங்கு தீர்த்தத்துக்கு ஓடியது. சிறிது நேரத்தில் அதன் உடல் குளத்தில் மிதந்தது. மகரிஷி அப்போதே எல்லோரையும் எச்சரித்தார். இங்கு வாழும் விலங்குகளுக்கு அறிவும் தமக்கென்று ஒரு நெறியும் உண்டு, அவற்றை முரட்டுத்தனமாக நடத்தக் கூடாது, எந்த ஆன்மா எந்தக் கடனைத் தீர்க்க நம்மைத் தேடி வந்ததோ நமக்குத் தெரியாது என்பது அவர் கருத்து. மறுபிறவி பற்றிய அவருடைய நம்பிக்கை கத்தோலிக்கரான நம்முடையது அன்று. ஆனால் படைத்தவரை நினைத்துப் படைப்பை மதிப்பதில் அவருக்கு நாம் பின்தங்கியிருக்கக் கூடாது அல்லவா?

நாய் வேண்டுமென்றே உயிரை விடுமா என்று நம்மில் சிலருக்கு ஐயம் வரலாம். வெருண்டு ஓடும் நாய்க்கு எதிரில் இருப்பது குளமா தரையா என்று தெரியாமல் போவது இயற்கையே. சின்னக் கருப்பன் திரும்பி வராததற்கோ விளக்கம் எளிது. அவன் மலையில் வாழ்ந்த காலத்திலேயே, ருசிய நாட்டில் இவான் பாவ்லோவ் என்ற அறிஞர் நாய்களைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பினால், பிறகு அந்த ஒலியைக் கேட்டதுமே நாயின் வாயில் நீர் ஊறுவதை அவர் காட்டினார். நல்லதை இப்படிச் சேர்த்து நினைவில் வைக்கும் நாய், கெட்டதையும் சேர்த்தே வைக்கும். அடி விழுந்தால், தான் செய்த பிழை என்ன என்று அது கற்பதைவிட, அடி விழுந்த இடத்துக்கும் அடித்த கைக்கும் அஞ்சவே கற்கிறது. அதனால்தான் இன்று நாய்களைப் பழக்கும் நல்ல பயிற்சியாளர்கள் கோலையும் கழுத்தை இறுக்கும் சங்கிலியையும் விட்டுவிட்டு, சரியாகச் செய்தபோது ஒரு துண்டு உணவும் ஒரு பாராட்டும் தருகிறார்கள். அஞ்சி நிற்கும் நாயிடம் தாமாகப் போகாமல், அது தானே வரும் வரை காத்திருக்கிறார்கள். புதருக்கு அருகில் உணவை வைத்துவிட்டுத் திரும்பிய மகரிஷி இதை எந்த நூலிலும் படித்தவர் அல்லர்.

அடியாத மாடு படியாது என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கமலாவின் கதையைக் கேட்டபின் அந்தப் பழமொழியை நம்புவது கடினம்.

1916-இல் மகரிஷி ஸ்கந்தாசிரமத்துக்குக் குடியேறினார். தாயார் அழகம்மாளும் உடன் வந்து வாழ்ந்தார். அங்கே குட்டியாக வந்து சேர்ந்தவள் கமலா. ஆண்டுதோறும் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிடுவாள் என்று அன்பர்கள் துரத்திப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அவர்கள் அஞ்சியபடியே பெரிய குடும்பமும் ஆயிற்று. முதல் பிரசவத்தின்போது அவளுக்குக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, சுத்தமான ஓர் இடத்தில் குட்டிகளோடு பத்து நாள் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனமும் விருந்தும் நடந்தன. நம் வீட்டுப் பெண்களுக்குக் கூட எல்லோருக்கும் இப்படி நடக்கிறதா என்பது சந்தேகமே!

கமலா கெட்டிக்காரி. புதிதாக யாராவது வந்தால், அவரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டும்படி மகரிஷி அவளிடம் சொல்வார். அவள் முன்னே நடப்பாள். மலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மூர்த்தியையும், குளத்தையும், சந்நிதியையும் காட்டித் திரும்ப அழைத்து வருவாள். கோலோ கயிறோ அதற்குத் தேவைப்படவில்லை. நம் விவிலியத்தில் தோபித்து நூலைப் படித்தவர்களுக்கு, தோபியாவும் வானதூதர் இரபேலும் பயணம் போனபோது கூடவே போன நாய் நினைவுக்கு வரும். தொன் போஸ்கோவை ஆபத்தான இரவு வழிகளில் காத்த கிரிஜோவையும் இங்கே நினைக்கலாம்.

குரங்குகளும் அவரை அறிந்திருந்தன. கடியுண்டு நொண்டியாகிக் கிடந்த ஒரு குட்டிக் குரங்கை அவர் காப்பாற்றினார். நொண்டி என்றே பெயர் பெற்ற அவன் பின்னாளில் தன் கூட்டத்துக்கு அரசனானான். பாம்புகளைக் கொல்ல அவர் விட்டதில்லை. அவற்றின் வீட்டுக்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்பார். இவற்றைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

1922 மே 19-இல் தாயார் இறந்தார். அவருடைய சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் எழுந்ததே இன்றைய ரமணாசிரமம். அங்கே உணவு வேளையில் ஒரு முறை இருந்தது. முதலில் நாய்களுக்கு, அடுத்து வாசலில் வந்து நிற்கும் ஏழைகளுக்கு, கடைசியில்தான் அன்பர்களுக்கு.

1924 ஜூன் 26 இரவு திருடர்கள் வந்தார்கள். சன்னலை உடைத்தார்கள். அந்த நெருக்கடியில் ராமகிருஷ்ணசாமி என்ற அன்பர் முதலில் செய்தது, கருப்பன் என்ற ஆசிரமத்து நாயைத் திருடர் அடித்துவிடுவார்களே என்று வேறு குடிசைக்கு அழைத்துப் போனதுதான். (இவன் வேறு கருப்பன்.) பிறகு மகரிஷியும் மற்றவர்களும் வெளியே வந்தபோது, வாசலில் நின்ற திருடர்கள் எல்லோரையும் தடியால் அடித்தார்கள். இடது தொடையில் அடி வாங்கிய மகரிஷி, போதாது என்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார். திருப்பித் தாக்க இரும்புத் தடியை எடுத்த அன்பரையும் தடுத்துவிட்டார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரின் பாடத்தை அமெரிக்க மிஷன் பள்ளியில் வேங்கடராமன் கேட்டிருக்கக் கூடும். நாம் வாரந்தோறும் கேட்கிறோம்.

தெருநாய்களைப் பற்றி இங்கே ஒரு சொல். அன்பு என்றதும், அறியாத நாயைக் கட்டிப் பிடிக்கத் தோழியர் யாரும் ஓட வேண்டாம். உறுமும் நாயும், வாலை இடுக்கிய நாயும், காதைப் பின்னுக்கு மடித்த நாயும் விலகிப் போ என்றுதான் சொல்கின்றன. அதைக் கேட்பதும் அன்புதான். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் சொல்லப் பயந்து மறைப்பது உயிருக்கே ஆபத்து.

1949 ஜனவரியில் குளித்தலையிலிருந்து இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் மகரிஷியைக் காண வந்தார்கள். பிரான்சு நாட்டவரான ஜூல் மோன்ஷானின் அடிகளும், பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ சோ அடிகளும். மகரிஷியின் மௌனம் லெ சோ அடிகளின் வாழ்வையே மாற்றியது. பிறகு நம் மலைக் குகைகளில் அவர் பல நாள் தங்கித் தியானம் செய்தார். அந்த ஆண்டில்தான் மகரிஷியின் இடக்கையில் புற்றுக்கட்டி கண்டு நான்கு முறை அறுவை நடந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.

அதற்கு முன்பே அவர் கையால் வழியனுப்பியவர்கள் பலர். ஜாக்கி என்ற நாய் சிறு குட்டியாக ஆசிரமத்துக்கு வந்தவன். மற்ற நாய்களோடு சேர்ந்து விளையாடியதே இல்லை. காவித் துணி ஒன்றின்மேல் மகரிஷிக்கு எதிரே அமர்ந்து அவர் கண்களையே பார்த்திருப்பான். நோயுற்றுத் துர்நாற்றம் வீசியபோதும் மகரிஷி அவனைத் தள்ளவில்லை. அவர் அணைப்பிலேயே அவன் கடைசி மூச்சு அடங்கியது. 1926-இல் கன்றாக வந்து 1948 ஜூன் 18-இல் இறந்த பசு லட்சுமிக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும் எழுப்பியதுபோல, ஜாக்கிக்கும் ஆசிரம வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறு சமாதி உண்டு.