கியோம் டுசேன்

கியோம் பெஞ்சமின் அமான் டுசேன் (செப்டம்பர் 17, 1806 – செப்டம்பர் 15, 1875) பிரான்சு நாட்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஆவார். நோயாளி உயிரோடிருக்கும்போதே அவரது தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்நோக்கியில் ஆராயும் முறைக்கு வழிவகுத்தவர். சிறுவர்களைத் தாக்கும் டுசேன் தசைச்சிதைவு நோய் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை

வடக்குப் பிரான்சின் துறைமுக நகரான புலோன்-சுர்-மேரில் கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்தார். பாரிசில் மருத்துவம் பயின்று 1831 இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். மகப்பேற்றை அடுத்து வந்த காய்ச்சலால் இவரது மனைவி இறந்தார். பேற்றின்போது உடனிருந்தவர் டுசேன் மட்டுமே ஆதலால் பழி அவர்மேல் விழுந்தது. மகனையும் பிரிய நேர்ந்தது. 1842 இல் மீண்டும் பாரிசு சென்றார். அங்கு எந்த மருத்துவமனையிலும் பதவி வகிக்கவில்லை. மின்கருவியைச் சுமந்துகொண்டு பிறருடைய நோயாளிகளைத் தேடிச் சென்று பார்த்தார். சால்பெட்ரியேர் மருத்துவமனையின் சார்க்கோ இவரைத் தம் ஆசானாக மதித்தார்.

தோலின்மேல் மின்சாரம் செலுத்தித் தனித்தனித் தசைகளை இயக்கும் இவரது முறை 1855 இல் நூலாக வெளிவந்தது. முகத்தசைகளைப் பற்றிய 1862 ஆம் ஆண்டு நூலின் ஒளிப்படங்கள் சிலவற்றைச் சார்லசு டார்வின் 1872 இல் தம் நூலில் பயன்படுத்தினார்.

தசைத் துணுக்கு

கெண்டைக்கால் பருத்திருந்தும் நடக்க வலுவற்ற சிறுவர்களை டுசேன் கண்டார். 1861 இல் இந்நோயின் காரணம் மூளையில் உள்ளது என்றே எழுதினார். அக்காலத்தில் தசையை உள்ளபடி காண நோயாளியின் இறப்புவரை காத்திருக்க வேண்டும். இதற்காகத் தசையைக் கவ்வி அறுத்தெடுக்கும் ஊசி போன்ற கருவி ஒன்றை இவர் அமைத்தார். கடலோர ஊரில் பிறந்தவரின் கருவி, பின்னாளில் மீன் எறியீட்டியின் பெயரால் அறியப்பட்டது பொருத்தமே. மயக்க மருந்தின்றிச் செய்யப்பட்டதால் இம்முறை கண்டனத்துக்கும் உள்ளானது. ஆயினும் நோய் முற்ற முற்றத் தசையில் நேரும் மாற்றங்களை ஒரே நோயாளியிடம் தொடர்ந்து காண இதுவே உதவியது. தசைநார்களின் இடத்தை இணைப்புத் திசுவும் கொழுப்பும் நிரப்பியிருந்தன; கால் பருத்ததன் காரணம் அதுவே. 1868 இல் 13 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது தம் பழைய கருத்தைக் கைவிட்டிருந்தார்.

இங்கிலாந்தின் எட்வர்டு மெரியான் இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இறந்த சிறுவர்களின் உடலை ஆராய்ந்து, இது தசையின் நோய் எனக் கூறியிருந்தார். நோயின் பெயரில் அவருக்கு இடம் கிடைக்காதது நியாயமன்று.

பிற்கால ஆய்வு

இந்நோயில் குறைபடும் புரதமான டிசுட்ரோபின் 1987 இல் அறியப்பட்டது. இன்றும் சில ஆய்வுகள் நோயாளியின் தசைத் துணுக்கிலிருந்து தொடங்குகின்றன. அதிலுள்ள இளந்தசை உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கலாம். ஆனால் சில காலம் பிரிந்து பெருகியபின் அவை நின்றுவிடுகின்றன. சிதைந்த தசையை ஓயாமல் பழுதுபார்த்துக் களைத்த டுசேன் நோயாளிகளின் உயிரணுக்கள் இன்னும் விரைவில் நிற்கின்றன. பாரிசின் தசையியல் நிறுவனத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், டெலோமரேசு, சிடிகே4 ஆகிய இரண்டின் மரபணுக்களைச் சேர்த்து, நிற்காமல் பெருகும் உயிரணு வரிசைகளை உருவாக்கி 2011 இல் வெளியிட்டனர். இவை ஒன்றோடொன்று இணைந்து தசையிழைகளாகவும் மாறுகின்றன. எனவே ஒரு சிறுவனிடம் ஒருமுறை எடுத்த துணுக்கைக் கொண்டு, அவனை மீண்டும் துன்புறுத்தாமல், பல மருந்துகளைச் சோதிக்கலாம். எனினும் தட்டில் வளரும் இவ்விழைகளுக்கு நரம்பும் குருதியோட்டமும் இல்லை. அந்நிறுவனம், டுசேன் நோயாளிகளைத் தேடி நடந்த சால்பெட்ரியேர் மருத்துவமனை வளாகத்திலேயே அமைந்துள்ளது.