தமஸ்குவில் ஒரு காவலர்

தமஸ்கு என்றதும் நமக்குப் புனித சின்னப்பரின் நினைவு வரும். அதே ஊரில் 1860-ஆம் ஆண்டு ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைச் சாவினின்று காத்தவர் ஓர் இஸ்லாமியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் அமீர் அப்துல் காதிர்.

1808-இல் அல்ஜீரியாவில் மஸ்காரா நகருக்கு அருகே, சமயக் கல்வியில் பேர்பெற்ற குடும்பத்தில் பிறந்தார். 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. இரண்டே ஆண்டில், ஏடும் ஜெபமுமாக இருந்த இந்த இளைஞரை மக்கள் தலைவராக்கினர்.

எதிரியை விட, சொந்த மக்களே அவருக்குப் பெருங்கவலையாயினர். சில குலத்தார் பிரெஞ்சுக்காரருடன் வாணிகம் செய்தனர். சிலர் போருக்கு வரி தர மறுத்தனர். தம் சமயத்தாரையே தண்டிக்கலாமா? அவரே கற்றவர்தாம். ஆயினும் தம் வழக்கில் தாமே தீர்ப்புச் சொன்னால் ஊர் ஏற்குமா? எனவே மொரோக்கோ நாட்டுப் பேஸ் நகர அறிஞர்களுக்குக் கேள்விகளை எழுதியனுப்பினார். அல்தசூலி என்ற சட்ட அறிஞர் 1837-இல் அவருக்கு ஆதரவாக நீண்ட விடை எழுதினார். அந்த ஏடு அவருக்கு ஒரு படைக்குச் சமம் என்றே நாம் நினைக்கிறோம்.

பிரெஞ்சுக்காரரும் சும்மா இருக்கவில்லை. அமீரிடம் முன்பு பணிபுரிந்த லெயோன் ரோஷ், போரை நிறுத்தும்படி சமய அறிஞர்களின் தீர்ப்பைத் தேடிக் கைருவானுக்கும் கெய்ரோவுக்கும் போனதாகத் தம் நூலில் எழுதியுள்ளார். ஒரே மறை, இரு தரப்பும் அதனிடமே சாட்சி கேட்டன!

1847 டிசம்பரில் அமீர் சரணடைந்தார். கிழக்கு நாட்டுக்கு அனுப்புவதாகத் தந்த வாக்கை மீறி, 1852 வரை அவரைப் பிரான்சில் சிறைவைத்தனர். 1855-இல் தமஸ்குவில் குடியேறி, நூலும் பாடமுமாக வாழ்ந்தார்.

1860 ஜூலை 9-ஆம் நாள் அங்கே கிறிஸ்தவர் தெருக்கள் பற்றி எரிந்தன. துருக்கிய ஆளுநர் தடுக்கவில்லை. பேஸ் நகருக்குக் கடிதம் எழுதி விடைக்குக் காத்திருக்க இப்போது நேரமேது? அமீர் தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருவில் இறங்கினார். குருக்களையும், புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியரையும், அவர்களிடம் வளர்ந்த பிள்ளைகளையும் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். வீடு கொள்ளாமற்போகவே பலரைக் கோட்டைக்கு அனுப்பினார். கிறிஸ்தவரை உயிருடன் கொண்டுவருவோருக்குப் பணமும் கொடுத்தார். அவர்களை ஒப்படைக்கக் கேட்டு வாயிலில் கூடிய கும்பலுக்கு முன் அசையாமல் நின்றார்.

பாப்பரசர் 9-ஆம் பத்திநாதர் அவருக்கு விருதளித்தார். அல்ஜியர்ஸ் ஆயர் பவி நன்றி கூறி எழுதினார். தாம் செய்தது தம் சமயச் சட்டமும் மனிதர்களின் உரிமையும் கேட்ட கடமையே என்று அமீர் 1862-இல் மறுமொழி எழுதினார். இம்முறை தீர்ப்பை எழுதியவர் அவரே. 1883 மே மாதம் அதே தமஸ்குவில் உயிர் துறந்தார்.