வானொலியாளரின் பாதுகாவலர்

வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டு, தம் வீட்டிலேயே கருவிகள் அமைத்து, உலகின் மறுகோடியில் உள்ள முகமறியா நண்பரோடு தொடர்பு கொள்வோர் பல நாடுகளிலும் உண்டு. ஹாம் வானொலியாளர் என்று அவர்களை அழைப்பர். எத்தனை நாடுகளை எட்டினோம் என்று கணக்கு வைத்து அட்டைகள் சேர்ப்பது சிலருக்குக் குறிக்கோள். புயல், வெள்ளக் காலங்களில் செய்தி அனுப்பி உயிர் காப்பது வேறு சிலருக்குக் குறிக்கோள்.

இவர்களிடையே இன்று ஒரு வழக்கு நடக்கிறது. மோர்ஸ் தட்டும் கையும் பேசும் குரலும் இருந்த இடத்தில், கணினியே குறிகளை அனுப்பக் கணினியே படிக்கும் முறைகள் வந்துவிட்டன. 2017-ல் வந்த எஃப்.டி.8 முறையில், காதுக்கு எட்டாத மெல்லிய குறியும் பிடிபடுகிறது. இது வளர்ச்சி என்பார் சிலர். மனிதர் பேசாத தொடர்பும் ஒரு தொடர்பா என்பார் சிலர். இவ்வழக்கைத் தீர்க்க நாம் வல்லவர் அல்லோம். ஆனால் வானொலியாளர் பலர் பாதுகாவலராகப் போற்றும் புனித மாக்சிமிலியன் கோல்பேயின் வாழ்வு நமக்கு ஒரு வழி காட்டுகிறது.

போலந்து நாட்டில் சுடுன்ஸ்கா வோலா என்னும் ஊரில் 1894 ஜனவரி 8-ம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். உரோமையில் படிக்கும்போது கணிதத்திலும் அறிவியலிலும் மனத்தைப் பறிகொடுத்து, விண்வெளிக் கலம் ஒன்றுக்கு வரைபடமும் தயாரித்தார். 1917-ல் நண்பர் சிலரோடு அமல மாதாவின் சேனையை நிறுவினார். அடுத்த ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

காசநோய் நெஞ்சை அரித்தபோதும் அவர் ஓயவில்லை. 1922-ல் சிறு பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1927-ல் வார்சா நகருக்கு அருகே, அமல மாதாவின் நகர் எனப் பொருள்படும் நியெபொகலானூவ் உருவாயிற்று. 1930-ல் ஜப்பான் சென்று, மொழி தெரியாத நாகசாகியில் ஒரு மாதத்திற்குள் அந்நாட்டு மொழியிலேயே பத்திரிகை வெளியிட்டார். 1932-ல் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் எர்ணாகுளத்திற்கும் வந்தார்.

ஏழ்மையை மணந்த புனித பிரான்சிசின் பிள்ளைகளுக்குப் புத்தம் புதிய அச்சு இயந்திரங்கள் ஏன் என்று அன்றும் சிலர் குறை கூறினர். கோல்பே சுவாமிகளின் எண்ணமோ தெளிவானது. துறவிகள் ஒட்டுப்போட்ட அங்கி அணிந்து எளிய உணவு உண்டனர். இறைவனின் வேலைக்கு மட்டும் சிறந்த கருவிகளைக் கையாண்டனர். பத்திரிகை மாதம் 7 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1938 டிசம்பரில் எஸ்.பி.3.ஆர்.என். என்னும் அழைப்புக் குறியோடு அவர்களது வானொலியும் ஒலித்தது.

1939-ல் போர் மூண்டது. அச்சகமும் வானொலியும் முடங்கின. வீடிழந்து வந்தவர்களுக்கு, யூதர்கள் உட்பட, மடத்தின் கதவு திறந்தது. 1941-ல் நாஜிகள் அவரைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்தனர். அங்கே அவர் பெயர் போய், 16670 என்ற எண் வந்தது.

அவ்வாண்டு ஜூலை இறுதியில் கைதி ஒருவர் காணாமற்போகவே, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லக் கட்டளை பிறந்தது. அவர்களுள் ஒருவரான காயோவ்னிச்செக், மனைவி மக்களை நினைத்துக் கதறி அழுதார். கோல்பே வரிசையை விட்டு முன்வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மை ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். இருட்டறையில் இரு வாரம் உடனிருந்தோரைச் செபத்தாலும் பாடலாலும் தேற்றினார். ஆகஸ்ட் 14-ம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முன்தினம், நச்சு ஊசியால் அவர் உயிரைப் பறித்தனர்.

1982 அக்டோபர் 10-ம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, உயிர் பிழைத்த காயோவ்னிச்செக்கும் அங்கே இருந்தார்.

அந்த முகாமில் கோல்பேயிடம் அச்சு இயந்திரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆயினும் அவர் அன்று அனுப்பிய செய்தியை உலகம் இன்றும் கேட்கிறது. கருவி பழையதா, புதியதா என்பதைவிட, அது யாருக்காக இயங்குகிறது என்பதே பெரிது. நம் கைக்கு வரும் ஒவ்வொரு புதுக் கருவியையும் இக்கேள்வியோடு தொடக் கற்போமாக!